தவசிப் பூனையும் முயல் முத்திரையும்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் (அர்ஜுனன் தபசா, பகீரதன் தபசா என்கிற சண்டையை வரலாற்றாசிரியர்களிடமே விட்டுவிடுவோம்) யானைக்கருகில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். வழிகாட்டிகள் பயணிகளுக்கு இதைக் காட்டிச் சிரிக்கவைப்பார்கள். போலித்தவசி, நம்பிவிட்ட எலிகள், அவ்வளவுதான் கதை.

அந்தப் பாறையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வெளியூர்க்காரர்களுக்கான கடையொன்றில் ஒரு சோப்பு எடுத்துப் பார்த்தேன். உறையில் துள்ளும் முயல். 'விலங்குகள்மீது சோதிக்கப்படாதது' என்று ஆங்கிலத்தில். விலை நம் வீட்டு சோப்பைப்போல் ஐந்து மடங்கு. கடைப் பையனிடம் "இது என்னப்பா, முயலு?" என்றேன். "முயல் கொழுப்பு கிடையாது சார், பியூர் வெஜ்" என்றான்.

பையன் தப்பாகச் சொல்லிவிட்டான் என்று நினைக்கவில்லை. மேற்கில் ஒரு போராட்டத்தின் குறியாகப் பிறந்த அந்த முயல், இங்கே வந்து இறங்கும்போது நம் சமூகம் ஏற்கெனவே வைத்திருக்கும் ஒரு சொல்லாடலுக்குள்தான் விழுகிறது. அது சுத்தம், சைவம், தீட்டின்மை ஆகியவற்றின் சொல்லாடல். சோதனைக்கூடத்தில் ஓர் உயிர் என்ன பாடுபட்டது என்கிற கேள்வி, வாங்குபவரின் உடம்பு மாசுபடுமா படாதா என்கிற கேள்வியாக மாறிவிடுகிறது. விலங்குச் சோதனைக்கு மாற்று பற்றித் தமிழ்ச்சூழலில் பேச்சே இல்லை என்று சிலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். பேச்சு இருக்கிறது. பேசுவது யார், எதைப் பேசாமல் விடுவதற்காகப் பேசுகிறார்கள் என்பதுதான் பார்க்கவேண்டியது.

முயலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1933இல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் பெண்கள் சிலரின் பார்வையைப் பறித்தது. 1937இல் ஒரு சல்ஃபா மருந்தைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்காலைப் பயன்படுத்தியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1938இல் அங்கே சட்டம் கடுமையானது. 1944இல் ஜான் டிரெய்ஸ் என்பவரும் சகாக்களும் முறையொன்று வகுத்தார்கள்: வெள்ளை முயலின் ஒரு கண்ணில் பொருளை இடு, மறுகண்ணை ஒப்பீட்டுக்கு விட்டுவை, நாள்கணக்கில் பார்த்து மதிப்பெண் போடு. மொத்தம் 110 மதிப்பெண், அதில் விழிவெண்படலத்துக்கு மட்டும் 80. முயலைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு வசதி, அதற்குக் கண்ணீர் குறைவு. ஊற்றியதைக் கழுவிவிடாது.

இந்தியாவில் 2014 மே மாதம் ஒப்பனைப்பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பது தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அப்படிச் சோதித்த பொருள்களின் இறக்குமதிக்கும் தடை. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஒரு லிப்ஸ்டிக்குக்காக ஒரு ஜீவன் குருடாக வேண்டியதில்லை. ஆனால் 'மாற்று' எனப்படுவதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முயல் கண்ணுக்குப் பதிலாக உலகம் ஏற்றுக்கொண்ட முறைகளில் ஒன்று, இறைச்சிக்கூடத்தில் வெட்டப்பட்ட மாட்டின் கண்ணிலிருந்து விழிவெண்படலத்தை எடுத்து அதன்மேல் பொருளை வைத்துப் பார்ப்பது. இன்னொன்றுக்குக் கோழிக்கண். மற்றவை மனித உயிரணுக்களிலிருந்து தட்டில் வளர்த்த திசுக்கள். மாட்டிறைச்சி தின்றவனை அடித்துக் கொல்லும் ஒரு தேசத்தில், அஹிம்சை முத்திரையின் விஞ்ஞானத்துக்குக் கசாப்புக்கடையும் ஒரு கை கொடுத்திருக்கிறது. வெட்டுகிறவர் பெயர் சோப்பு உறையில் வராது. 'பியூர் வெஜ்' பையனுக்கு இதைச் சொல்லவில்லை; அவன் வியாபாரத்தைக் கெடுப்பானேன்.

சட்டத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை பிடிக்கும் திருவான்மியூரில் கலாக்ஷேத்திராவை நடத்திய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக, ஐம்பதுகளின் தொடக்கத்தில் விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் விளைவாக 1960இல் சட்டம் வந்தது. வண்டிமாட்டைச் சாட்டையால் அடிப்பவன், சுமை அதிகம் ஏற்றுபவன், அடைத்துவைப்பவன் என அதன் குற்றவாளிகள் பெரும்பாலும் தெருவில் பிழைப்பவர்கள். சோதனைக்கூடத்துக்கு வரும்போது குரல் மாறுகிறது. 14ஆம் பிரிவு, அறிவு வளர்ச்சிக்காகவும் உயிர்காக்கவும் செய்யப்படும் சோதனைகள் சட்டவிரோதம் ஆகா என்கிறது. கண்காணிக்க ஒரு குழு, அவ்வளவே. விதிவிலக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. யாருக்கு விதி, யாருக்கு விலக்கு என்று கேட்கிறேன்.

*

அந்தக் கடையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் வடக்கே திருப்போரூர் போகிற வழியில் ஆலத்தூர். அங்கே சிட்கோவின் மருந்துத் தொழிற்பேட்டை. முயலின் கண்ணைப் பற்றிப் பேசிவிட்டு இந்த இடத்தைத் தாண்டிப்போக முடியாது. இங்கிருந்த குளோபல் பார்மா ஹெல்த்கேர் என்ற நிறுவனம் தயாரித்து அமெரிக்காவில் விற்கப்பட்ட 'செயற்கைக் கண்ணீர்' சொட்டுமருந்து 2023 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. பல மருந்துகளுக்கும் அசையாத ஒரு சூடோமோனாஸ் கிருமி அங்கே பரவியது. அந்தச் சொட்டுமருந்தோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. அவர்களது நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023 மே வரை எண்ணியது: 18 மாநிலங்களில் 81 பேர், 4 சாவுகள், பார்வை போனவர்கள் 14, விழியையே எடுக்கவேண்டி வந்தவர்கள் 4. அமெரிக்க ஆய்வாளர்கள் ஆலத்தூர் வந்து பார்த்துப் பதினோரு குறைகளை எழுதினார்கள். நம் மாநில அதிகாரிகள் எடுத்த மாதிரிகளில் தொற்று இல்லை என்று சொல்லப்பட்டது. இரண்டு கூற்றும் காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

கண்ணீர் குறைந்த முயலில் தொடங்கிய கதை, கண்ணீர் வற்றிய கிழவர்களிடம் வந்துசேர்ந்ததை இலக்கிய வசதிக்காகச் சொல்லவில்லை. இந்தச் சொட்டு எத்தனை முயல்களின் கண்ணில் விடப்பட்டிருந்தாலும் எதுவும் தெரிந்திருக்காது. பலமுறை திறந்து மூடும் புட்டியில் போதிய கிருமித்தடுப்பான் சேர்க்காமல் நிரப்பியது, நிரப்பும் அறையின் சுத்தம், ஒவ்வொரு தொகுப்பையும் கிருமிக்குச் சோதிக்கிற பழக்கம் எல்லாம் வேலையிடத்தின் பிரச்சினைகள். ஒரு முயலுக்கும் இதில் வேலையில்லை.

2025 அக்டோபரில் இதைவிடக் கொடியது நடந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் இன்னொரு மூலை, இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரம். அங்கே தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருப்பதாகத் தமிழ்நாட்டு அரசு ஆய்வகம் கண்டது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவிலும் சுற்றிலும் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 1937இல் அமெரிக்காவில் கொன்ற அதே திரவம். அதைக் கண்டுபிடிக்க விலங்கு வேண்டாம், கோடிரூபாய் எந்திரம்கூட வேண்டாம். பூச்சுத் தகடு ஒன்றும் கரைப்பானும் தெரிந்த கையும் போதும், முதல் சந்தேகமாவது வந்துவிடும். மாற்று என்று மாநாடு போட்டுத் தேடுகிறோமே, அது நெடுங்காலமாகக் கையில்தான் இருக்கிறது. செய்யவில்லை. செய்யாததால் சோதனை ரத்தாகிவிடவில்லை, குழந்தையின் சிறுநீரகத்துக்கு மாற்றலாகிப் போயிற்று.

நான் சொல்ல வருவது இதுதான். சோதனை எப்படியும் ஓர் உடலில் நடந்தே தீருகிறது. தலைச்சாயப் பாக்கெட்டில் 'காதுக்குப் பின்னால் தடவி 48 மணிநேரம் பொறுக்கவும்' என்று பொடியெழுத்தில் போட்டிருக்கிறானே, அங்கே சோதனை விலங்கு யார்? விலங்கா மனிதனா என்பதைக் காட்டிலும், எந்த உடலில் நடப்பது பதிவாகிறது, எந்த உடலில் நடப்பது பதிவே ஆவதில்லை என்பதுதான் பிளவு. முயலுக்கு 110 மதிப்பெண் கொண்ட தாளாவது இருந்தது. அமெரிக்கக் கண்களை எண்ண ஒரு மையம் இருந்தது. சிந்த்வாராவில் குழந்தைகள் அடுத்தடுத்து விழுந்த பிறகுதான் கணக்குத் தொடங்கியது.

*

பதிவே ஆகாத உடல் எது என்று பார்க்கவேண்டுமானால் கடற்கரைச் சாலைக்குத் திரும்பி வடநெம்மேலிக்குப் போகவேண்டும். முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருளர் பாம்புபிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. மணலில் பாதி புதைத்த மண்பானைகள், வாயில் துணி கட்டியிருக்கும். உள்ளே நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பிடித்த பாம்பை மூன்று நான்கு வாரம் வைத்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி அகப்பட்டால் அடையாளத்தைப் பார்த்து விட்டுவிடலாம். இந்த நாட்டில் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு நெடுங்காலமாக இங்கிருந்துதான் போயிருக்கிறது.

இந்தச் சங்கம் ஏன் வந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. இருளர் பாம்புத்தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள்; தோலை மேற்கத்திய நாகரிகத்துக்கு அனுப்பி லாபம் பார்த்தது வேறு ஆட்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிறகு தோல் ஏற்றுமதித் தடை. ஒரே இரவில் தலைமுறைத் தொழில் குற்றமாயிற்று. செருப்பு, கைப்பை வாங்கிய சீமாட்டிகள் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. ராமுலஸ் விட்டேகரும் சிலரும் இருளரோடு சேர்ந்து தோலிலிருந்து விஷத்துக்கு மாறியது அந்த இடைவெளியில்தான். பாம்பும் பிழைத்தது, ஆளும் பிழைத்தான். 'விலங்குரிமை எதிர் பழங்குடியுரிமை' என்று எதிரெதிரே நிறுத்திப் பேசுகிற நண்பர்கள் ஒருமுறை அந்தப் பானைகளைப் போய்ப் பார்க்கலாம்.

விஷம் பானையை விட்டுக் கிளம்பியபின் நடப்பது வேறு. உலர்த்திய தூளாகக் கம்பெனிக்குப் போகிறது. குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றப்படுகிறது. குதிரையின் உடம்பு எதிர்ப்புப்பொருளை உண்டாக்குகிறது. இரத்தம் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, செரித்துச் சுத்திகரித்து 10 மில்லிலிட்டர் குப்பியில் தருகிறார்கள். 1890களில் கால்மெத் தொடங்கிவைத்த வழி, அடிப்படையில் இன்றும் அதேதான். நம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் ஒருகாலத்தில் இந்த மருந்து தயாரானது.

கடைசியில் சுண்டெலி. மருந்துக்கு வீரியம் இருக்கிறதா என்று அறிய எலிகளில் பாதி சாகும் விஷ அளவைக் கண்டு (1927இல் டிரெவன் என்பவர் கொடுத்த கணக்கு இது) அதன் மடங்குகளை மருந்தோடு கலந்து ஊசிபோட்டு, எத்தனை செத்தது, எத்தனை பிழைத்தது என்று எண்ணுகிறார்கள். இந்திய மருந்தியல் தரநூலின் அளவுப்படி ஒரு மில்லிலிட்டர் மருந்து நல்லபாம்பு, கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமையும், கட்டுவிரியன், சுருட்டை விரியன் விஷத்தில் 0.45 மில்லிகிராமையும் முறிக்கவேண்டும். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் இறக்கும் என்கிறார்கள். ஒரு குப்பி முறிப்பது 6. ஆகப் பத்துக் குப்பியிலிருந்து கணக்கு ஆரம்பம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி இருக்கும், அதைக் குதிரைப் புரத ஒவ்வாமையோடு சமாளிக்க அங்கே ஆள் இருக்குமா என்பதைச் செய்யூர், மதுராந்தகம் பக்கத்து விவசாயக் கூலிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எலிச் சோதனையில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. விஷமும் மருந்தும் எலிக்குள் போவதற்கு முன்பே குழாயில் ஒன்றாகக் கலந்து, உடல்வெப்பத்தில் அரைமணி நேரம்போல் வைக்கப்படுகின்றன. அதாவது கடிபடும்போதே மருந்தும் உடம்பில் இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த எலி சொல்கிறது. வயலில் அப்படியா? கடி முதலில். அப்புறம் வேப்பிலை, அப்புறம் பைக், அப்புறம் 'செங்கல்பட்டுக்குக் கொண்டுபோங்க'. விஷம் அதற்குள் சதையில், சிறுநீரகத்தில் குடியேறிவிட்டது. செங்கல்பட்டுக்கருகே ஒரு குடியிருப்பில், பாம்பு பிடித்தே வயதான இருளர் பெரியவர் ஒருவரிடம் இந்தச் சோதனையை எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த எலி எத்தினி மைல் நடந்து வந்துச்சு சார்?" என்றார். எலிச்சோதனை பற்றி நான் வாசித்த விமர்சனம் எதிலும் இந்தக் கேள்வி இவ்வளவு சுருக்கமாக இல்லை.

இன்னொன்று. விஷம் இந்தக் கடற்கரையோரத்தது, மருந்து நாடு முழுவதற்கும். ஒரே இனப் பாம்பின் விஷம்கூட இடத்துக்கு இடம் மாறுகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனாகர் குழுவினர் சில ஆண்டுகளாக வெளியிட்டுவரும் ஆய்வுகள், இந்த மருந்து பிற பகுதிப் பாம்புகள் பலவற்றிடம் தடுமாறுவதைக் காட்டுகின்றன. ராஜஸ்தான் சுருட்டை வேறு, வடகிழக்கின் நாகம் வேறு இனமே. இலங்கை மருத்துவமனைகளும் இந்திய மருந்தையே நம்பியிருக்கின்றன. அங்கே பலரைக் கடிக்கிற, மூக்கு சற்றே தூக்கிய குழிவிரியனுக்கு இதில் பதிலே இல்லை. ஆக எலியில் தேறிய குப்பி உண்மையில் தேறியதா என்பது ஒரு பார்மர் தேசத்துக் கூலியாளின் உடம்பிலோ, அஸ்ஸாம் தோட்டத்துப் பெண்ணின் உடம்பிலோதான் தெரியவருகிறது. அந்த முடிவை யார் எழுதிவைத்தார்கள்? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000 என 2020இல் ஒரு மதிப்பீடு வந்தது. வீடுவீடாகப் போய்ச் சாவுக்கதை கேட்டுத் திரட்டிய கணக்கு அது. மருத்துவமனை ஏடுகளில் இதில் ஒரு சிறுபங்கே இருந்தது. பாம்புக்கடியை அறிவிக்கப்படவேண்டிய நோயாகத் தமிழ்நாடு ஆக்கியதே 2024 நவம்பரில்தான். வாழவைப்பதும் சாகவிடுவதுமே நவீன அதிகாரம் என்று ஃபூக்கோ சொன்னதை நாம் மேற்கோளாகவே முப்பது வருடம் ஓட்டிவிட்டோம். சாகவிடுதல் எப்படி நடக்கும் என்றால் இப்படித்தான் நடக்கும்: பதிவேட்டில் பத்தி இருக்காது.

*

இப்போது உண்மையான மாற்றுகள் வருகின்றன. 2023இல் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, உயிரணு வழிச் சோதனை, சில்லில் உறுப்பு, கணினிக் கணிப்பு போன்றவற்றுக்கு இந்தியாவும் இடம் தந்தது. விஷமுறிவிலும் 2024இல் அமெரிக்க, பெங்களூர் ஆய்வாளர்கள் சேர்ந்து, நாகம், கட்டுவிரியன் வகைகளின் நரம்புநஞ்சு ஒன்றைத் தடுக்கும் மனித எதிர்ப்புப்பொருளைக் கூடத்தில் உருவாக்கிக் காட்டினார்கள். 2025இல் கணினியில் வடிவமைத்த புரதங்களும் வந்தன. எல்லாம் எலிவரை வந்திருக்கின்றன. குதிரை வேண்டாம், ஒவ்வாமை குறையும், நாளை எலியும் குறையலாம். இதை வரவேற்காதவன் மூடன்.

ஆனால் முயல் முத்திரையில் நடந்தது இங்கேயும் நடக்குமா என்பதுதான் என் கவலை. மாற்று வரும்போது விலங்கு மட்டும் வெளியேறுவதில்லை, அந்த விலங்கோடு பிழைத்தவனும் சேர்ந்தே வெளியேற்றப்படுகிறான். தோல் போனபோது நடந்தது அது. இருளருக்கு எந்த வரப்பில் எந்தப் பாம்பு, எந்த மாதத்தில், தடம் எப்படி என்று தெரியும். அந்த அறிவை நம்பித்தான் 2017இல் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப்போய் மலைப்பாம்பு பிடிக்கச் சொன்னார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. விருது கொடுக்கிற அரசு, மருந்தின் தரத்தை நிர்ணயிக்கிற குழுவில் ஒரு நாற்காலி கொடுக்குமா? வட்டாரந்தோறும் விஷம் சேகரிக்கவேண்டும் என்று எல்லா ஆய்வும் சொல்கிறதே, அதைச் செய்யத் தெரிந்தவர்களைக் கூலிக்கு வைப்பீர்களா, கூட்டுறவாக வைப்பீர்களா? விலங்குநேயர்களும் விஞ்ஞானிகளும் இந்த இடத்தில் ஒரேமாதிரி மௌனமாகிவிடுகிறார்கள்.

தோழர்களிடம் ஒரு வார்த்தை. 'அதெல்லாம் மேல்தட்டு ஜீவகாருண்யம்' என்று ஒதுக்கிவிடுவது நமக்கு வசதியாகிவிட்டது. முயலுக்காகப் போராடியவர்கள்தான் ஒரு விஷயத்தைச் சாதித்தார்கள்: மூடிய கூடத்துக்குள் என்ன நடக்கிறதென்று கேட்கும் உரிமையை. அந்த உரிமையை ஆலத்தூரின் நிரப்பும் அறைக்கும், சுங்குவார்சத்திரத்தின் கரைப்பான் பீப்பாய்க்கும், விஷமுறிவுக் குப்பியின் தொகுப்பு எண்ணுக்கும் நீட்டிக் கேட்க நம்மில் ஆளில்லை. எந்தத் தொகுப்பு எங்கே போனது, சோதனை முடிவு என்ன, எத்தனை குப்பி போட்டும் எத்தனை பேர் பிழைக்கவில்லை என்பதைப் பொதுவில் வையுங்கள் என்று ஒரு துண்டறிக்கைகூட நாம் போட்டதில்லை.

அந்தப் பெரியவரிடம் கூடத்து மருந்தைப் பற்றியும் சொன்னேன், குதிரையும் வேண்டாம், நாளைக்குப் பாம்புகூட வேண்டாமாம் ஐயா என்று. "நல்லதுதானே சார், குதிரை பாவம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நம்ம ஊரு விரியன் விஷத்துக்குக் கேக்குதா இல்லியான்னு பாக்க, அப்பவும் யாராச்சும் ஒருத்தன் அதைப் புடிச்சுத்தானே தரணும்?" என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.